பழையது யார் பங்கு?

சிக்கனம் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் இரண்டு அறிவுரைகளைச் சொல்கிறார்கள். வெளியே சாப்பிடாதீர்கள், வீட்டில் சமையுங்கள் என்பது ஒன்று. மிஞ்சியதைக் கொட்டாதீர்கள், மறுநாளைக்குப் பயன்படுத்துங்கள் என்பது மற்றொன்று. இரண்டும் சரியானவைதாம். காசு மிச்சமாவது உண்மை, அதற்குக் கணக்கே இருக்கிறது. ஆனால் இரண்டு வாக்கியங்களிலும் இருப்பது தோன்றா எழுவாய். சமைக்கப் போவது யார், மிச்சத்தை உண்ணப் போவது யார் என்பதை இலக்கணம் மறைத்துக்கொள்கிறது. தமிழ்க் குடும்பத்தில் இவ்விரண்டு வினைகளுக்கும் எழுவாய் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

இலுப்பூரை முன்னிறுத்தி இதை யோசித்துப் பார்க்கலாம். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசலைத் தாண்டி விராலிமலைக்குப் போகும் வழியில் உள்ள ஊர் இது. காவிரித் தண்ணீர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைத்தான் எட்டுகிறது. மேற்கே இருக்கும் இந்தப் பக்கம் கண்மாயை நம்பியும், கண்மாய் மழையை நம்பியும் கிடக்கின்றன. பெயரிலேயே இலுப்பை மரத்தை வைத்திருக்கும் ஊர். "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று நாம் ஏளனமாகச் சொல்லும் பழமொழி, சொல்லுக்குச் சொல் உண்மையும்கூட. உதிர்ந்த பூவைப் பொறுக்கிக் காயவைத்து வறுத்தால் இனிக்கும். விதையை ஆட்டினால் விளக்குக்கு எண்ணெய். எண்ணெய் போக மிஞ்சிய பிண்ணாக்கு தலைக்குத் தேய்த்துக் குளிக்க. ஒரு மரத்தில் எதையும் வீணாக விடாத வாழ்க்கை அது. அதைக் கொள்கை என்று யாரும் அழைத்ததில்லை, வேறு வழியில்லாமல் பழகிய பழக்கம்.

பக்கத்து ஊரின் பெயர் அன்னவாசல். அந்த அன்னம் சோறா பறவையா என்று வாதாடுவது எங்களூர்ப் பக்கத்துத் தமிழாசிரியர்களுக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். அங்கிருந்து சிறிது தூரத்தில் சித்தன்னவாசல். குன்றின்மேல் ஏழடிப்பட்டத்துக் குகையில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இன்றும் வழுவழுப்பாக இருக்கின்றன. சமணத் துறவிக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை உணவு, அதுவும் பொழுது சாய்வதற்குள். திகம்பரத் துறவி கையையே கலமாக ஏந்தி உண்பவர், எதையும் சேமித்து வைக்க அவருக்கு உரிமையில்லை. இரவு தாண்டிய உணவில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகிவிடும், அதை உண்பது கொலை என்பது அவர்கள் கருத்து. ஆக, பழையசோற்றின் மீதான மிகக் கடுமையான தடை பழையசோறு உண்டு வாழ்ந்த ஒரு வறண்ட நிலத்தின் நடுவிலுள்ள குன்றில் குடியிருந்திருக்கிறது. மேலே துறவியும் கீழே உழவரும் ஒரே நுண்ணுயிரைப் பற்றி நேர்மாறான முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள். இருவரும் அவரவர் வழியில் சரியாகவே யோசித்திருக்கிறார்கள் என்று இன்றைய அறிவியலைக் கொண்டு சொல்ல முடியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் காசுக் கணக்கு. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால் ஐம்பது இட்லிக்குக் குறையாமல் வரும். இன்றைய விலையில் அரிசிக்கும் உளுந்துக்குமாக எண்பது ரூபாயை ஒட்டிச் செலவாகலாம். எரிவாயு, மின்சாரம், உப்பு, வெந்தயம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு இட்லிக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஏறாது. நியாயவிலைக் கடைப் புழுங்கலரிசியைக் கலந்து அரைப்பவர்களுக்கு இன்னும் குறையும். தமிழ்நாட்டில் அந்த அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாயாகி, 2011 ஜூன் முதல் விலையில்லாமலே கிடைக்கிறது. கடையில் ஓர் இட்லி ஐந்து ரூபாயிலிருந்து பத்து ரூபாய் வரை. நான்கு பேர் உள்ள வீட்டில் காலைக்கு மட்டும் பதினாறு இட்லி என்று வைத்துக்கொண்டால், மாதக் கடைசியில் தேறும் தொகை ஒரு பிள்ளையின் தனிப்பயிற்சிக் கட்டணத்துக்கு ஆகும். சட்னியையும் சாம்பாரையும் கடைக்காரர் இனாமாகத் தருகிறாரே என்பவர்கள் அவற்றின் விலையையும் வீட்டுக் கணக்கில் ஏற்றிக்கொள்ளட்டும். அப்போதும் வீடுதான் வெல்லும்.

மாவின் சிறப்பு அது மிஞ்சுவதற்காகவே அரைக்கப்படுவது என்பதில் இருக்கிறது. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் புளிப்பேறியதும் வெங்காயம் தூவி ஊத்தப்பம், அதற்கும் பிறகு கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். மிஞ்சிய இட்லியை உதிர்த்தால் உப்புமா. மிஞ்சிய சோற்றில் மாலையில் சீரகமும் மிளகாயும் அரைத்துப் பிசைந்து வெயிலில் கிள்ளிவைத்தால் வடகம். இரவுக் குழம்புகளை ஒன்றாக ஊற்றிச் சுண்டவைத்தால் மறுநாள் பழையதுக்குத் தொட்டுக்கொள்ளச் சுண்டக்குழம்பு, அதன் ருசி முதல்நாள் குழம்புக்கு வராது. நம் சமையல் நூல்களில் மிச்சத்துக்குத் தனி அதிகாரம் ஒதுக்கியிருப்பதை அரிதாகவே காண்கிறேன். ஆனால் நம் சமையலில் பாதி மிச்சத்திலிருந்தே பிறந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எம். எஃப். கே. ஃபிஷர் 1942இல், போர்க்காலத் தட்டுப்பாட்டின்போது, வாசலில் நிற்கும் ஓநாயைச் சமைப்பது எப்படி என்று தலைப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். ஓநாய் அங்கே பசிக்கும் வறுமைக்கும் உருவகம். அடுப்பை ஒருமுறை மூட்டினால் அந்தச் சூட்டில் எத்தனை பண்டங்களை வேகவைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கும் புத்தகம். அதை இலக்கியமாகவே படிக்கலாம். சிக்கனத்தைப் பற்றி இவ்வளவு நக்கலும் சுவையுமாகத் தமிழில் யாரும் எழுதவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

செலவு எந்தத் திசையில் போகிறது என்பதையும் பார்த்துவிடலாம். 2022-23ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பம் தன் செலவில் 46 விழுக்காட்டை உணவுக்குச் செலவிடுகிறது. 1999-2000இல் இது 59 விழுக்காடு. தானியத்துக்கான பங்கு 22 விழுக்காட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கிவிட்டது. நியாயவிலை அரிசிக்கும் அதில் பங்குண்டு. பானங்கள், நொறுக்குத்தீனி, சமைத்துப் பொட்டலமாக வரும் உணவு ஆகியவற்றுக்கான பங்கோ நான்கு விழுக்காட்டிலிருந்து ஒன்பதரைக்கு மேல் ஏறியிருக்கிறது. அதாவது கிராமத்து வீடே இப்போது தானியத்துக்குச் செலவிடுவதைப்போல ஏறத்தாழ இருமடங்கைக் கடைப் பண்டத்துக்குச் செலவிடுகிறது. இலுப்பூர்க் கடைத்தெருவில் மாலை ஏழு மணிக்கு மேல் பரோட்டாக் கல்லின் ஓசையைக் கேட்பவருக்கு இந்தப் புள்ளிவிவரம் தேவைப்படாது.

இதை ஒழுக்கக்கேடாகப் பார்ப்பவர்களோடு நான் சேரமாட்டேன். வீட்டில் சமைத்தால் மிச்சமாகும் காசு ஒருவருடைய நேரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுவது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்களுக்கு 88 நிமிடம். முந்தைய 2019ஆம் ஆண்டு ஆய்வில் 299, 97. ஐந்தாண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கு ஒன்பது நிமிடம் குறைந்தது. ஆண்களின் உழைப்பு அங்கே வந்து அந்தப் பத்து நிமிடத்தை ஈடுகட்டவில்லை என்பது மட்டும் தெளிவு. மாவுப் பொட்டலம் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டியிருக்கலாம் என்பது என் ஊகம். நூறுநாள் வேலைக்கோ சித்தாள் வேலைக்கோ போய்விட்டு ஆறு மணிக்குத் திரும்பும் ஒரு பெண் நான்கு பரோட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், அவரிடம் போய் இட்லிக்கணக்கு சொல்ல எனக்கு நா எழாது. மேலே நான் போட்ட கணக்கில் அரைப்பவரின் கூலி என்று ஒரு வரி இல்லை. போட்டிருந்தால் கடையும் வீடும் நெருங்கி வந்திருக்கும்.

இனி இரண்டாவது எழுவாய். மிச்சத்தை உண்பது யார்? வள்ளுவர் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார். விருந்தினரை முதலில் உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்பவனுடைய நிலத்துக்கு விதைக்கவும் வேண்டுமோ என்று விருந்தோம்பல் அதிகாரத்தில் கேட்கிறார். மிச்சில் என்ற அழகிய சொல் அந்தக் குறளில் வருகிறது. உண்பவனை அவர் ஆண்பாலில் சொல்கிறார் என்பதை உரையாசிரியர்கள் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. குடும்பத்தலைவன் கடைசியில் சாப்பிடும் ஒரு வீட்டை அவர் கண்டிருக்கிறார், அல்லது காண விரும்பியிருக்கிறார். நாம் கண்ட வீடுகளுக்குப் பாரதக் கதைதான் பொருந்தும். சூரியன் கொடுத்த அட்சய பாத்திரம் அன்றைக்குத் திரௌபதி உண்ணும்வரைதான் சுரக்கும். ஆகவே ஐவரும் விருந்தினரும் உண்டு முடித்த பிறகே அவள் உண்ண வேண்டும். அவள் உண்டு கழுவி வைத்த பின் துர்வாசர் பரிவாரத்தோடு வந்து நிற்க, பாத்திரத்தில் ஒட்டியிருந்த பருக்கையைக் கண்ணன் உண்டு நிலைமையைக் காத்தான் என்று கதை சொல்பவர்கள் பரவசப்படுவார்கள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை வைத்திருந்தவளும் கடைசியில்தான் சாப்பிட்டாள் என்ற இடத்தில் அவர்கள் நிற்பதில்லை.

இதைவிட என்னை உலுக்கியது சிறுபாணாற்றுப்படையில் வரும் அடுக்களைக் காட்சி. கூரை இற்று விழுந்த அட்டில், குட்டி ஈன்ற நாய், காளான் பூத்த சுவர். அவ்வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். புறம்பேசுபவர் பார்த்துவிடக்கூடாது என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். நல்லூர் நத்தத்தனாரின் கண் எதையும் விடவில்லை. உப்பும் இல்லாத வறுமையில் இரண்டு செயல்கள் அங்கே நடக்கின்றன. கதவு அடைபடுகிறது. கீரை எல்லோருக்கும் ஒன்றாகப் பங்காகிறது. வெளியாருக்கு மறைத்தாலும் உள்ளே எவரும் தனித்து உண்ணவில்லை. இன்று நம் வீடுகளில் முறை தலைகீழாகிவிட்டதாக நினைக்கிறேன். புதிதாக வடித்த சோறு எல்லோருக்கும், முந்தின இரவின் மிச்சம் அடுக்களையிலேயே நின்றபடி அம்மாவுக்கு. அவர் அதைத் தியாகமாகச் சொல்லிக்கொள்வதில்லை. "எனக்குப் பழையதுதான் புடிக்கும்" என்பார். ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டுகளாக ஒரே ஆளுக்கு மட்டும் பிடித்திருப்பது சற்று விசித்திரமான ருசி.

மிச்சத்தைப் புகழும்போது இன்னொரு படியையும் கவனித்தாக வேண்டும். தமிழில் மிச்சம் வேறு, எச்சில் வேறு. பானையில் எஞ்சியது மிச்சம். இலையில் எஞ்சியது எச்சில். இந்த எல்லைக்கோட்டைச் சாதி தன் விருப்பப்படி நகர்த்தி வைத்திருந்தது. பண்ணை வீட்டின் கொல்லைப்புறத்தில் நின்று வாங்கிய முந்தின நாள் சோறு கூலியின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்பட்ட காலம் வெகுதூரத்தில் இல்லை. பாமாவின் கருக்கு 1992இல் வந்தது. நாயக்கர் வீட்டில் வேலை முடித்த பாட்டி அங்கே கொடுத்த மிச்சச் சோற்றையும் குழம்பையும் வாங்கி வருவது அதில் வருகிறது. பாட்டிக்கு அது சாதாரணம், படிக்கத் தொடங்கிய பேத்திக்கு அது எரிகிறது. இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகி தம் தன்வரலாற்றுக்கு (1997) ஜூட்டன் என்றே பெயர் வைத்தார், எச்சில் என்று பொருள். அவர்களைப் படித்தவர்கள் பழையசோற்றைப் பாரம்பரியப் பெருமிதமாக மட்டும் பேசுவதற்குக் கொஞ்சம் தயங்குவார்கள். நகரத்து நட்சத்திர உணவகங்களில் மண்சட்டியில் சின்ன வெங்காயத்தோடு பழையது பரிமாறப்படும் காட்சி சிலருக்குச் சிரிப்பையும் சிலருக்கு வேறெதையோவும் தரும். தன் பானையில் எஞ்சியதைத் தானே உண்பதில் இழுக்கில்லை. அடுத்தவன் தீர்மானித்த எச்சத்தில் உயிர்வாழ நேர்வதுதான் இழுக்கு. சிக்கனம் பேசுபவர் எதைச் சொல்கிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் பழஞ்சோறு பற்றிக் கேட்டால் முகம் மலர்வதை நீங்களும் கண்டிருக்கக்கூடும். முந்தின நாள் சோற்றோடு மிஞ்சிய கறிகளையெல்லாம் கொட்டி, வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, அம்மாவோ அம்மம்மாவோ ஒரே பாத்திரத்தில் குழைப்பார்கள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு கவளமாகக் கையில் விழும், சில வீடுகளில் பூவரசம் இலையில். 1970களின் தட்டுப்பாட்டில், பாணுக்கு வரிசையில் நின்று மரவள்ளிக்கிழங்கில் வயிறு நிறைத்த காலத்திலும் அந்த நினைவு அவர்களுக்குக் கசப்பாக இல்லை. அதே பண்டம், அதே வறுமை. குழைத்தவர் எல்லோருக்கும் அளந்து கொடுத்தார் என்பதே காரணமென்று எனக்குப் படுகிறது. குழைத்தவருக்குக் கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்று அவர்களிடம் கேட்டேன். அதற்குப் பதில் சொல்வதற்குச் சற்று நேரமானது.

உணவுக் கழிவு என்று உலக அளவில் பேசும்போது கை வீட்டை நோக்கித்தான் நீள்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு கழிவானதாகவும் அதில் அறுபது விழுக்காடு வீடுகளிலிருந்து வந்ததாகவும் சொல்கிறது. இந்தியாவில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அதன் மதிப்பீடு. தோலும் எலும்பும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால் அத்தனையும் நல்ல சோறு என்று எண்ண வேண்டாம். ஆயினும் எங்கள் மாவட்டத்தில் எனக்கு உறுத்துவது வீட்டு அடுக்களையைவிட மண்டபத்துப் பந்திதான். கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளைப் பற்றி வாசகர்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அங்கே உணவு என்பது கடன் வசூலின் ரசீது. இலையில் வைத்ததை உண்பதும் உண்ணாததும் இரண்டாம்பட்சம், வைக்காமல் விடுவதுதான் குற்றம். தி. ஜானகிராமனின் பாயசம் கதையில் சாமநாது கல்யாணத்துப் பாயச அண்டாவைக் கவிழ்த்துவிட்டு எலி விழுந்ததாகச் சொல்வார். ஒரு முழு அண்டா வீணாவதற்கு ஒரு கிழவரின் பொறாமை போதும் என்று அந்தக் கதை காட்டுகிறது. நம் மண்டபங்களில் பொறாமைகூட வேண்டியதில்லை, கௌரவம் போதும். வீட்டில் ஒரு கைப்பிடிச் சோற்றைக் கொட்டினால் வையும் குடும்பங்கள்தாம் முகூர்த்தத்தன்று கூடை கூடையாகக் கொட்டுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

சமணத் துறவியும் உழவரும் சொன்னதற்கு வருகிறேன். வடித்த சோறு அப்படியே பானையில் அறைச் சூட்டில் கிடந்தால், கொதிநீரிலும் சாகாத ஒரு வகை பாக்டீரியா வித்து முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மதியம் மிஞ்சி இரவுவரை வெளியே கிடந்த சோற்றை எலுமிச்சை பிழிந்து தாளித்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. துறவி பயந்தது இதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். உழவர் வீட்டில் செய்தது வேறு. ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். நீருக்குள் புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு பெருகி, அமிலத்தை ஏற்றி, கெடுக்கும் உயிர்களை ஒடுக்குகின்றன. அதன் தெளிவுதான் நீராகாரம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் இதைக் குடல் நோய்களோடு தொடர்புபடுத்தி ஆய்வே செய்தார்கள். தண்ணீர் ஊற்றிய சோறு மறுநாள் காலைக்கு உரியது. அதை மாலைவரை இழுப்பதும், நாறியதைக் கழுவி உண்பதும் சிக்கனமில்லை, வைத்தியச் செலவு. குளிர்பெட்டி இருக்கும் வீட்டில் சோறு ஆறியதும் தாமதமின்றி உள்ளே வைத்துவிடுவது நல்லது. இரவு படுக்கப்போகும்போது நினைவு வந்து வைப்பதில் பயன் குறைவு.

சமையலும் மிச்சமும் ஆணுக்கு வராது என்பவர்களுக்கு ஒரு செய்தி. இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகாத தெரு இல்லை எனலாம். அங்கே ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். வெளியே சாப்பிட்டால் ஊருக்கு அனுப்பக் காசு மிஞ்சாது என்பதால் முறைவைத்துச் சமைக்கிறார்கள். திங்கட்கிழமை ஒருவர், செவ்வாய்க்கிழமை மற்றவர். அரிசி, எண்ணெய், கோழி எல்லாம் நோட்டுப்புத்தகத்தில் தேதிவாரியாக ஏறும், மாதக் கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று வகுபடும். வெள்ளிக்கிழமைக் குழம்பு மிஞ்சினால் சனிக்கிழமைக்கு என்று எழுதாத விதி இருக்கும், அந்தக் குழம்பு எல்லோர் தட்டிலும் விழும். சமைத்தவர் அன்று பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. எங்கள் தெருவில் இப்படிப் பதினெட்டு ஆண்டு முறைச்சமையல் செய்துவிட்டுத் திரும்பியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வைக்கும் மீன்குழம்பைப் பற்றி அவருடைய அறைத்தோழர்கள் இன்றும் சொல்வார்கள். அவருடைய மனைவி அந்தக் குழம்பை இதுவரை சாப்பிட்டதில்லை. ஊருக்கு வந்த பிறகு அவர் அடுப்படிக்குள் போனதே இல்லையாம்.